மாசானத்தின் வலது பெருவிரல்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள், ஒரு ராஜா இருந்தார். கள்ளக் கையெழுத்துப் பத்திரம் ஒன்று கண்ணில் பட்டதும் அவருக்குக் கோபம் தலைக்கேறியது. "இனி சொத்துக்கு உடையவனே நேரில் வந்து, சான்றதிகாரியின் கண்முன் வலது பெருவிரல் ரேகை வைக்கவேண்டும். வேறு விரலை ஏற்றால் அதிகாரியின் பெருவிரல் போய்விடும்!" என்று உத்தரவு போட்டார். அந்த அதிகாரி வேலையை அரண்மனை விதூஷகன் கொழுந்தப்பன் தலையில் கட்டினார்.

திவான் அகோரத்துக்கு ஒரே கொண்டாட்டம். கொழுந்தப்பனைக் கண்டாலே அவருக்கு ஆகாது. மாசானம் என்ற பழைய போர்வீரனின் காணிமீதும் அவருக்குக் கண். மாசானத்துக்கோ வலக்கையே கிடையாது. ராஜாவின் கழுத்துக்கு வந்த வாளைத் தடுத்தபோது போய்விட்டது. அதற்குக் கிடைத்ததுதான் அந்தக் காணி.

மாசானம் கொழுந்தப்பனிடம் வந்தான். "மவளுக்குக் கல்யாணம்யா. காணிய அவ பேர்ல எழுதணும். இல்லாட்டி எனக்குப் பொறவு அரமனை எடுத்துக்கிடும்னு திவான் சொல்லுதாரு. எடது கையி ரேகைய வச்சுக்கிடுங்கய்யா."

மாசானத்தைப் பார்க்கக் கொழுந்தப்பனுக்குப் பாவமாக இருந்தது. தன் பெருவிரலையும் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான். அதன்மேல் ஆசை இருக்காதா? "நாளைக்குச் சபைக்கு வாரும். வலக்கை ரேகையே வைத்துவிடலாம்" என்றான்.

மறுநாள் சபையில் திவான் முந்திக்கொண்டார். "மகாராஜா, வலக்கை இல்லாதவன் பத்திரம் செல்லாது."

"அடியேனும் அதையேதான் சொல்கிறேன்" என்றான் கொழுந்தப்பன். "பிரபோ, இவருக்குக் காணி அளித்தபோது தாங்கள் அருளிய வார்த்தை நினைவிருக்கிறதா?"

"மறப்பேனா? 'மாசானம் தன் வலக்கையை எனக்குத் தந்தான், நான் அவனுக்குக் காணி தந்தேன்' என்றேன்."

"காணி அவரிடம் பத்திரமாக இருக்கிறது. அவர் தந்த கை தங்களிடம்தானே இருக்கவேண்டும்? அதை எடுத்து ரேகை வையுங்கள். தொலைத்துவிட்டீர்கள் என்றால், அதற்கு ஈடாகத் தங்கள் வலக்கை!" என்று மைக்கிண்ணத்தை நீட்டினான்.

ராஜா மாசானத்தின் வெறுந்தோளைப் பார்த்தார். கண் கலங்கியது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே பெருவிரலை மையில் தோய்த்துப் பத்திரத்தில் அழுத்தினார்.

"திவானே, சாட்சிக் கையெழுத்து நீர் போடும்!"

திவான் போட்டார். கையெழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்ததாகக் கேள்வி.

இருக்கிற விரலை வைத்தால் போதும் என்று அன்றே சட்டம் மாறியது. கொழுந்தப்பனின் பெருவிரலுக்குத் தங்க மோதிரம் ஏறியது. மாசானத்தின் மகள் கல்யாணத்தன்று தாரை வார்க்கும் நேரத்தில் ராஜாவே எழுந்து வந்தார். மாசானத்தின் பக்கத்தில் நின்று, அவனுடைய இடக்கையோடு தம் வலக்கையைச் சேர்த்து நீட்டினார்.