வேழப்பனின் பூசணித் தோட்டம்

ஒரு காட்டில் வேழப்பன் என்றொரு இளம் யானை இருந்தது. நல்ல யானைதான். ஆனால் எதையும் கொஞ்சமாகச் செய்ய மட்டும் அதற்குத் தெரியாது. சாப்பாடு என்றால் ஒரு மரம், குளியல் என்றால் ஒரு குளம், பேச்சு என்றால் வாய் கொள்ளாத பேச்சு.

கோடை பிறந்ததும் மற்ற யானைகள் எல்லாம் மேற்கு மலைக்கு மேயக் கிளம்பின. வேழப்பன் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"ஏண்டா, நீ வரலையா?" என்று கேட்டது கூட்டத்தை நடத்திச் செல்லும் பெரியம்மா யானை.

"நான் இங்கேயே பூசணித் தோட்டம் போடப்போறேன் பெரியம்மா. நீங்க திரும்பி வரும்போது ஆளுக்குப் பத்துக் காய் தருவேன்!"

குட்டி யானைகள் விழுந்து விழுந்து சிரித்தன. "போன வருஷம் மூங்கில் கன்னு நட்டுட்டு, அது மேலேயே படுத்துத் தூங்கினவன்தானே நீ?" என்றது ஒன்று.

பெரியம்மா சிரிக்கவில்லை. "திரும்பற வழியில ஒரு புல்லுகூடக் கிடைக்காது வேழப்பா. உன் பேச்சை நம்பிப் பட்டினியா வருவோம். ஏமாத்திடாதே" என்று சொல்லிவிட்டு நடந்தது.

ஓடைக்கரையில் வேழப்பன் வேலையைத் தொடங்கியது. மண்ணைக் கிளறி, விதை ஊன்றி, சுற்றிலும் உயரமாக வரப்புப் போட்டது. விதை முளைத்தது, கொடி ஓடியது. வேழப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு கொடிக்கும் தும்பிக்கை நிறையத் தண்ணீர் ஊற்றியது. காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம், போகிற போக்கில் ஒரு தரம், ஆசைக்கு இன்னொரு தரம்.

சில நாளில் இலைகள் மஞ்சளாகித் தலை தொங்கின. அந்த நேரம் பார்த்து நரி ஒன்று வரப்பில் ஏறி நின்றது. தோட்டத்துக்குக் கீழே உள்ள பள்ளத்தில்தான் அது குடியிருந்தது.

"நரியாரே, கொடியெல்லாம் ஏன் இப்படி வாடுது?"

"இதுகூடவா தெரியலை அண்ணே? தாகம்! தண்ணி பத்தலை."

"இதுக்கு மேலயா?"

"நீங்க எவ்வளவு பெரிய ஆளு! உங்க உடம்புக்கு ஊத்துற தண்ணியா இது? எலி வந்து ஊத்திட்டுப் போன மாதிரி இல்ல இருக்கு!"

வேழப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றைக்கு ஓடையே பாதி வற்றிப்போகும் அளவுக்கு ஊற்றியது.

நரிக்குப் பூசணி மேல் என்ன அவ்வளவு அக்கறை என்று கேட்கிறீர்களா? வரப்பைத் தாண்டி வழிந்த தண்ணீரெல்லாம் நரியின் பள்ளத்தில் போய்த் தேங்கியது. தேங்கிய சேற்றில் நண்டுகள் வந்து குடியேறின. உட்கார்ந்த இடத்திலேயே நண்டு விருந்து! பிறகு ஏன் நரி போதும் என்று சொல்லப்போகிறது?

இலைகள் மேலும் வாடின. நரி மேலும் ஊற்றச் சொன்னது. வேழப்பன் மேலும் ஊற்றியது.

ஒரு நாள் காலடியில் ஒரு கோபமான குரல் கேட்டது. "யோவ் யானை!"

குனிந்து பார்த்தால், ஒரு கல்லின் மேல் மண்புழு ஒன்று நெளிந்துகொண்டிருந்தது.

"உனக்கு மனசாட்சி இருக்கா? என் வீடெல்லாம் தண்ணி. மூச்சு முட்டி, வெட்டவெளியில கல்லு மேல குடும்பம் நடத்துறேன்!"

"மன்னிச்சுக்கோ. கொடிக்குத் தாகமா இருக்கே, என்ன பண்றது?"

"தாகம்னு யாரு சொன்னா? அவ்வளவு நீள மூக்கை வெச்சிருக்கியே, அது தண்ணி ஊத்த மட்டும்தானா? என் வீட்டை ஒரு தடவை மோந்து பாரேன்!"

வேழப்பன் தும்பிக்கையைக் கொடியின் அடியில் வைத்து முகர்ந்தது. குப்பென்று ஒரு நாற்றம் முகத்தில் அடித்தது. மெல்ல ஒரு கொடியை இழுத்தது. வேர் கூழாகித் தும்பிக்கையோடு வந்தது. அடுத்த கொடியும் அப்படித்தான்.

பட்டினியாக நடந்துவரும் பெரியம்மாவின் முகம் அதன் நினைவுக்கு வந்தது. வேழப்பன் ஓவென்று அழுதுவிட்டது. கண்ணீர் பொலபொலவென்று பாத்தியில் கொட்டியது.

"அதையும் இங்கேதான் ஊத்தணுமா?" என்று கத்தியது மண்புழு.

வேழப்பன் சட்டென்று அழுகையை நிறுத்திக்கொண்டு, வரப்புக்கு அப்பால் எட்டிப் பார்த்தது. பள்ளத்தின் ஓரத்தில் நண்டு ஓடுகள் குவியலாகக் கிடந்தன. பக்கத்தில் நரி வயிற்றைத் தடவிக்கொண்டு படுத்திருந்தது.

'அடப்பாவி, விஷயம் இதுதானா!' என்று நினைத்த வேழப்பன், ஓடிப்போய் நரியை மிதிக்கத்தான் காலைத் தூக்கியது. பிறகு காலை மெதுவாகக் கீழே வைத்தது. பாத்தியில் நிற்கும் தண்ணீர் உடனே வடிந்தாக வேண்டும். அதற்கு வாய்க்கால் வெட்ட வேண்டும். யானைக்கால் உள்ளே போனால் பிழைத்திருக்கும் கொடியும் நசுங்கிவிடும். சின்னக் கால்கள்தான் வேண்டும். அந்தச் சின்னக் கால்கள் நாலும் அதோ பள்ளத்தில் மல்லாந்து கிடக்கின்றன.

"நரியாரே! இந்த வரப்பால ஒரே தொல்லை. ஓடைத் தண்ணியோட வர்ற நண்டெல்லாம் பாத்தியிலேயே தங்கிடுது. ஒவ்வொண்ணும் என் காது தண்டி பெருசு! உங்க பள்ளம் வரைக்கும் வாய்க்கால் இருந்தா எல்லாத்தையும் கீழே துரத்திடுவேன். வெட்டத்தான் ஆள் இல்லை."

நரிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. "நான் எதுக்கு இருக்கேன் அண்ணே!"

வந்தது, வெட்டியது. கொடிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து மண்ணைப் பறித்துத் தள்ளியது.

"இன்னும் ஆழமா, நரியாரே. மேலோட்டமா வெட்டினா சின்ன நண்டுதான் வரும்" என்றது வேழப்பன்.

நரி மூச்சிரைக்க ஆழமாக வெட்டியது. சாயங்காலம் வரப்பு உடைந்து, தேங்கிய தண்ணீர் முழுவதும் சலசலவென்று பள்ளத்துக்கு ஓடியது. நரி வாயைப் பிளந்துகொண்டு பின்னாலேயே ஓடியது.

மறுநாள் நரி பள்ளத்தில் காத்திருந்தது. அதற்கு மறுநாளும் காத்திருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

"அண்ணே, தண்ணி ஊத்தலையா?"

"தாகம் இல்லையாம். கொடியையே கேட்டுட்டேன்."

பள்ளம் காய்ந்து வெடித்தது. மிச்சமிருந்த ஒரே நண்டைப் பிடிக்க நரி பொந்துக்குள் மூக்கை விட்டது. நண்டு மூக்கைப் பிடித்தது. விடவே இல்லை.

மேலே வேழப்பன் அழுகிய கொடிகளைப் பிடுங்கி எறிந்தது. பாதித் தோட்டம் காலியாகிவிட்டது. மீதிக் கொடிகளின் பச்சைக் கணுக்களை மேடான மண்ணில் படுக்கவைத்து, மேலே கொஞ்சம் மண் அணைத்தது. கணுவில் புது வேர் விட்டது. தினமும் தும்பிக்கை நிறையத் தண்ணீர் கொண்டுவரும், மண்ணை முகர்ந்து பார்க்கும், ஈரம் இருந்தால் அத்தனையையும் தன் முதுகிலேயே ஊற்றிக்கொள்ளும். ஊற்றாமல் இருப்பதுதான் அதற்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமான வேலையாக இருந்தது. மண்புழு வீடு திரும்பியது.

கோடை முடியும்போது கூட்டம் புழுதி படிந்து, தள்ளாடி வந்து சேர்ந்தது.

"ஆளுக்குப் பத்து எங்கே?" என்று கேட்டன குட்டிகள்.

வேழப்பன் தலையைக் குனிந்துகொண்டது. "பாதித் தோட்டத்தை நானே தண்ணி ஊத்திக் கொன்னுட்டேன் பெரியம்மா. ஆளுக்கு ஒண்ணுதான் இருக்கு."

பெரியம்மா ஒரு காயை எடுத்துக் கடித்தது. கண்ணை மூடிக்கொண்டு மென்றது. "ஒண்ணு போதும்டா கண்ணு" என்றது. குட்டிகளுக்குச் சிரிக்க வாய் ஒழியவில்லை.

அப்போது வீங்கிய மூக்கோடு நரி வந்து நின்றது. "வாய்க்கால் வெட்டினது நான்! என் பங்கு எங்கே?"

"உண்மைதான் பெரியம்மா. இவர் வெட்டலேன்னா ஒரு காய்கூட இல்லை" என்ற வேழப்பன், தனக்கென்று வைத்திருந்த பெரிய பூசணியைத் தூக்கி நரியின் முன்னால் வைத்தது. யானைகள் எல்லாம் தும்பிக்கையைத் தூக்கி நரியை வாழ்த்தின.

நண்டுக்காக வெட்டினேன் என்று அத்தனை யானைகள் நடுவே எப்படிச் சொல்வது? நரி கடிபட்ட மூக்காலேயே பூசணியை வீடுவரை உருட்டிக்கொண்டு போனது.

"பத்திரம் நரியாரே!" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தது வேழப்பன். "அதுக்குத் தாகம் எடுத்தா சொல்லுங்க, நான் வந்து தண்ணி ஊத்துறேன்!"

நீதி: செய்த தவறையே இன்னும் அதிகமாகச் செய்து அதைச் சரிசெய்ய முடியாது, முதலில் கையை நிறுத்து, பிறகு வேரைப் பார்.