மூன்றரை மணிக் கைகள்

“டீச்சர், இந்தக் கை ரெண்டும் என் பேச்சைக் கேக்க மாட்டேங்கு.”

எபநேசர் தன் கைகளை மேசைமேல் வைத்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பிடித்துவந்து புகார் சொல்கிறவர் மாதிரி இருந்தது.

டீச்சர் தங்கபுஷ்பம் அவருடைய உதடுகளைக் கவனித்தாள். அவளுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினாள்.

‘என்ன செய்கின்றன?’

“சாயந்திரம் மூணரை மணிக்கு ஆடுது. தெனமும். ராகேல் உசிரு போன நேரம் அது.”

ராகேல் அவர் மனைவி. அவளுக்கும் காது கேட்காது. அடக்கம் முடிந்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

“நடுக்கம்னு டாக்டர் சொல்லுதாரு. நடுக்கம் இல்ல டீச்சர். எதையோ சொல்லுது. அவதான் சொல்லுதா. நீங்க கைப்பேச்சு சொல்லிக்குடுக்கவங்க. படிச்சுச் சொல்லுங்க.”

அவருக்கு எழுபத்திரண்டு வயது, அவளுக்கு நாற்பத்தைந்து. ஒரு காலத்தில் அவர் நடத்திய பள்ளியில் அவள் மாணவி. இன்று உப்பளத்தை ஒட்டிய இந்தப் பள்ளியில் அவள் உட்கார்ந்திருந்தாள், அவர் நின்றார்.

எபநேசர் ஒரு கண்டுபிடிப்பாளர். குரலைக் கண்ணுக்குக் காட்டும் பெட்டி ஒன்றைச் செய்தவர். அதன் வாயில் பேசினால் ஆட்டுத்தோல் அதிரும். தோலில் ஒட்டிய ஊசி, கரி படிந்த கண்ணாடியில் கோடு கீறும்.

முதலில் ராகேல் அதில் பேசப் பழகினாள். பிறகு அவளுடைய கோடுகளையே மாதிரியாக வைத்து மற்றப் பிள்ளைகளைப் பழக்கினார். அவர்கள் கோடு அவள் கோட்டோடு பொருந்தும்வரை எழுந்திருக்க விடமாட்டார்.

பிள்ளைக்கு ஒரு குரல் கொடுக்கத்தான் கிளம்பினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. நாற்பத்தொரு பிள்ளைகளும் ராகேலின் குரலில் பேசினார்கள். பத்து வயதுப் பையன் வாயைத் திறந்தாலும் அவள் குரல்தான். பார்க்க வந்த பெற்றோர் அவரைக் கும்பிட்டார்கள். வாசலைத் தாண்டியதும் வேகமாக நடந்தார்கள்.

கை பேசினால் வாய் சோம்பேறியாகிவிடும் என்பது அவர் கட்சி. அதனால் வகுப்பு முடியும்வரை பிள்ளைகளின் மணிக்கட்டுகளை நாடாவால் சேர்த்துக் கட்டிவைப்பார். நல்லது என்று நம்பித்தான் செய்தார். அந்த நம்பிக்கை தந்த காயம்தான் டீச்சருக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தப் பள்ளியை விட்டு வெளியே வந்த அன்று வாயை மூடியவள் தங்கபுஷ்பம். முப்பது வருடம் ஆயிற்று.

அவள் எழுதினாள்: ‘உங்கள் கை. நீங்களே படியுங்கள்.’

“எனக்கு அந்தப் பாஷை தெரியாதே.”

‘நாற்பது வருடம் அவளோடு வாழ்ந்தீர்கள்.’

“அவதான் வாயால பேசுவாளே. நான் எதுக்குக் கத்துக்கணும்?”

‘உங்களோடு மட்டும். எங்களோடு கையால்.’

எபநேசர் அதை இரண்டு தரம் படித்தார்.

அவள் கடைசி பெஞ்சைக் காட்டினாள்.

*

ஆறு வயதுப் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்தார்.

சோறு. தண்ணீர். அம்மா. காக்கா.

அவர் கையால் காட்டிய காக்காவைப் பார்த்து வகுப்பே உருண்டு சிரித்தது. அவரும் சிரித்தார். மனைவி போனபிறகு அதுதான் முதல் சிரிப்பு.

மூன்றரை ஆயிற்று.

மணிக்கட்டுகள் தாமாக ஒட்டிக்கொண்டன. எதற்குள்ளோ மாட்டிக்கொண்டவை போல விரல்கள் நெளிந்தன. பிறகு ஒரு உதறல். மறுபடி நெளிந்தன, மறுபடி உதறின. மூன்று தரம்.

முன்பெஞ்சுப் பெண்பிள்ளை திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. அதன்பிறகு எபநேசரின் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

*

இருபதாம் நாள், பிள்ளைகள் முற்றத்தில் கைகோத்து வட்டமாக நின்றார்கள். எபநேசர் நடுவில் நின்றார்.

மூன்றரைக்கு அவர் கைகள் ஆடின.

யாரும் மணி அடிக்கவில்லை. அடித்தாலும் அவர்களுக்குக் கேட்காது. அத்தனை பிள்ளைகளும் ஒரே நொடியில் பக்கத்துப் பிள்ளையின் கையை விட்டுவிட்டார்கள். விட்ட கைகளைக் காற்றில் விரித்து வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார்கள்.

அவர் டீச்சரின் அறைக்கு ஓடினார்.

“அதுகளுக்குப் புரியுது! எனக்கு மட்டுந்தான் புரியல. என்னைத் திட்டுதாளா? கூப்பிடுதாளா? எதுன்னாலும் பரவால்ல, சொல்லிருங்க.”

அவள் சிலேட்டை எடுத்தாள். அவர் அழத் தொடங்கினார். கிழவர்கள் அழும்போது வரும் அசிங்கமான அழுகை அது.

“கடைசி பதினோரு நாளும் அவ வாயே தொறக்கல டீச்சர். ‘பேசு ராகேல், ஒரே ஒரு வார்த்தை பேசு’ன்னு கெஞ்சுனேன். என் பேரச் சொல்லிட்டுத்தான் போவான்னு நெனச்சிருந்தேன். ஒண்ணும் சொல்லாம போயிட்டா.”

‘அப்போது அவள் கை?’

“நான் பிடிச்சிருந்தேன்.”

‘பதினோரு நாளுமா?’

“வேற என்ன செய்ய? ஆசையாத்தான் பிடிச்சிருந்தேன்.”

‘எப்படி? காட்டுங்கள்.’

எபநேசர் குனிந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்தார். சிலேட் தரையில் விழுந்து உடைந்தது. மணிக்கட்டுகளைச் சேர்த்துவைத்து, தன் உள்ளங்கைகளுக்குள் பொத்தி, நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார். முன்பு நாடா கட்டிய அதே இடம்.

அவருடைய கைகள் இப்போது ஆடவில்லை. அவற்றுக்குள் இருந்த கைகள் நெளிந்தன. பிறகு ஒரு உதறல்.

“இதேதான்!” என்று கத்தினார் எபநேசர். பிடி இன்னும் இறுகியது. “இப்படித்தான் ஆட்டுனா! கடைசிவரைக்கும் இப்படித்தான்! சொல்லுங்க டீச்சர், அவ என்ன சொன்னா?”

எழுதச் சிலேட் இல்லை. காட்டக் கை இல்லை.

தங்கபுஷ்பம் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். முப்பது வருடமாக மூடியிருந்த வாயைத் திறந்தாள்.

ராகேலின் குரல் வந்தது.

“கைய விடுங்க.”