மரங்கொத்தி போட்ட ஏழு ஜோடி

ஒரு காட்டாறு வற்றிப் போயிற்று. மணலுக்கு நடுவே ஒரே ஒரு மடு மட்டும் மிச்சம். அந்த வருஷத்து வெயில் எப்படிப்பட்டது என்றால், மரங்களே தங்கள் நிழலில் வந்து ஒதுங்கி நின்றன!

மடு ஒன்று. குடிக்க வருகிற கூட்டம் இரண்டு. ஆற்றுக்கு வடக்கே இருப்பவை வடகரைக் கூட்டம். தெற்கே இருப்பவை தென்கரைக் கூட்டம். யார் முதலில் குடிப்பது என்று ஒன்றையொன்று கடித்துக்கொள்ளாமல் இருக்க, அந்தக் காட்டில் ஓர் ஏற்பாடு இருந்தது. கோடை தொடங்கியதும் ஆற்று மணலில் சடுகுடு நடக்கும். பக்கத்துக்கு ஏழு பேர். ஜெயித்த கரை கோடை முழுவதும் விடியற்காலையில் தெளிந்த தண்ணீரைக் குடிக்கலாம். தோற்ற கரை அதற்கப்புறம்தான் மடுவில் இறங்க வேண்டும்.

அதற்கப்புறம் அங்கே இருப்பது தண்ணீரா? வடகரைக் காட்டுப்பன்றி உருண்டு புரண்டு எழுந்து போன பிறகு, அது குழம்பு!

தென்கரை மூன்று வருஷமாக அந்தக் குழம்பைத்தான் குடித்து வந்தது. குயிலுக்குத் தொண்டை கட்டி, தவளைக் குரல் வந்துவிட்டது. போன கோடையில் முயலின் குட்டிகள் வயிற்று நோவில் படுத்து, பிழைத்து எழுந்ததே பெரிய காரியம்.

தென்கரை அணிக்குத் தலைவி ஆமை. முயல் அதனிடம் வந்து சொன்னது:

“அக்கா, இந்தத் தடவையும் தோற்றால் நான் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போய்விடுவேன்!”

“வழி முழுக்கக் கழுகு சுற்றுகிறதே, தம்பி?”

“கண் முன்னாலே ஒவ்வொன்றாகக் குழம்பு குடித்துச் சாவதற்கு, கழுகு எவ்வளவோ மேல்!”

ஆமை மடுவின் பக்கம் திரும்பிப் பார்த்தது. அது அந்த மடுவில் பிறந்தது. தான் பிறந்த தண்ணீரின் தரையை அது கண்ணால் பார்த்து மூன்று கோடை ஆகிவிட்டது.

ஆட்டத்துக்கு இரண்டு நாள் இருந்தது. அப்போதுதான் மரங்கொத்தி வாயைத் திறந்தது.

அந்தக் காட்டில் சடுகுடு ஆடத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். சடுகுடுவைப் பற்றிப் பேசத் தெரிந்தது மரங்கொத்தி ஒன்றுதான். அது தன் வாழ்நாளில் ஒரு தடவைகூட மணலில் கால் வைத்ததில்லை. ஆற்றோரத்து இலவமரத்தில் தொற்றிக்கொண்டு, இரண்டு கரைக்கும் கேட்கும்படி கூவியது:

“எல்லோரும் வாருங்கள்! யார் ஜெயிப்பார்கள் என்று இப்போதே சொல்கிறேன்! இடத்துக்கு இடம், ஆளுக்கு ஆள், ஜோடி போட்டுப் பார்த்துவிடுவோம். எந்தக் கரை ஆள் பெரியவரோ, மரத்தில் அந்தக் கரைப் பக்கம் ஒரு துளை!”

இரண்டு கரையும் மரத்தடியில் கூடிவிட்டன. ஆட்டத்துக்கு முந்திய ஆட்டம் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

“முதல் இடம், பாடிப் போகிறவர்! வடகரையில் மான். தென்கரையில் ஆமை. மான் நாலு தாவலில் போய்த் தொட்டுவிட்டு வந்துவிடும். ஆமை போய்விட்டு வருவதற்குள் மணலில் புல் முளைத்துவிடும்!”

வடகரை விழுந்து விழுந்து சிரித்தது. டொக் டொக் டொக்! வடக்குப் பக்கம் ஒரு துளை விழுந்தது.

“நடு இடம்! வடகரையில் கரடி. தென்கரையில் முயல். கரடி கட்டிப் பிடித்தால் எலும்பு எண்ணிக்கை தெரிந்துவிடும். முயல் கட்டிப் பிடித்தால், யாரோ நம்மிடம் அன்பாக இருக்கிறார்கள் என்றுதான் தோன்றும்!”

டொக் டொக் டொக்!

“இடது மூலை! காட்டுப்பன்றிக்கு அணில். இதைப் பேசவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வலது மூலை! உடும்புக்கு ஓணான். பார்த்தால் ஒரே குடும்பம். ஆனால் உடும்பு பிடித்தால் பிடித்ததுதான். ஓணானோ யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிற ஆள். ‘விடு’ என்றால் விட்டுவிடும்!”

ஓணான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது.

“குரங்குக்கு மயில். ஒரு மேகம் வந்தால் போதும், மயில் ஆட்டத்தை விட்டுவிட்டு வேறு ஆட்டம் ஆடப் போய்விடும். முள்ளம்பன்றிக்கு, உடம்பெல்லாம் செதில் போர்த்திய அலங்கு. இது கொஞ்சம் நெருக்கமான ஜோடி. ஆனால் சுருண்டு படுத்தால் அலங்கு தூங்கிவிடும் என்று கேள்வி. கடைசியாக, நரிக்குக் கீரி. பாம்பைப் பிடிக்கிற போட்டி என்றால் கீரிதான். நரி என்ன பாம்பா?”

டொக் டொக் டொக்! வடக்குப் பக்கம் ஏழு துளை. தெற்குப் பக்கம் மரப்பட்டை அப்படியே வழுவழு என்று இருந்தது.

“ஏழுக்கு ஏழு!” என்று பன்றி கத்தியது. “ஆட்டமே வேண்டாம், இப்போதே போய்ப் படுத்துக்கொள்ளட்டுமா?”

அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஆமை கழுத்தை நீட்டியது.

“ஐயா, உங்கள் அறிவே அறிவு! ஒரு சின்னச் சந்தேகம். தன் ஜோடியை ஜெயித்தவருக்கு என்ன மரியாதை?”

மரங்கொத்தி அதை யோசித்திருக்கவில்லை. ஆனால் யோசிக்காததற்குப் பதில் சொல்வதுதானே அதன் தொழில்!

“மரியாதையா? அவர் பேருக்கு இந்த மரத்தில் ஒரு பொந்து குடைவேன்! பெரிய பொந்து! காடு இருக்கும்வரை அந்தப் பேர் இருக்கும்!”

“ஒருத்தருடைய ஜோடியை இன்னொருத்தர் பிடித்துவிட்டால்?”

“பொந்து ஜோடிக்காரருக்குத்தான்! பிடித்தவருக்குக் கைவலி மட்டும்தான்!”

“ரொம்ப நியாயம், ஐயா” என்று சொல்லிவிட்டு ஆமை கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது.

வடகரையில் ஏழு ஜோடிக் கண்கள் பளபளத்தன. தன் மூக்குகூட நுழையாத பொந்துக்குக் கரடி ஏங்க ஆரம்பித்துவிட்டது!

தென்கரைக்குத் திரும்பியதும் முயல் புலம்பியது: “மரங்கொத்தி சொன்னதில் தப்பு ஏதாவது இருக்கிறதா, அக்கா? என் ஜோடி கரடி! நான் அதை என்ன செய்ய முடியும்?”

“ஒன்றும் செய்ய முடியாது” என்றது ஆமை. “ஒன்றுக்கு ஒன்று நின்றால் நாம் ஏழு பேரும் காலி.”

“அப்புறம்?”

“அதனால் நமக்கு ஜோடியே வேண்டாம். கோட்டைத் தாண்டி யார் வந்தாலும் அவர் ஏழு பேருக்கும் பொது. கையில் கிடைத்ததைப் பிடியுங்கள். காலோ, வாலோ, காதோ, எதுவானாலும் சரி!”

ஆட்ட நாள் வந்தது. நடுவர் நாரை ஒற்றைக் காலில் நின்று சட்டத்தைச் சொன்னது. “பாடிப் போகிறவர் மூச்சு விடாமல் ‘சடுகுடு’ சொல்ல வேண்டும். எதிர்ப்பக்கம் போய்த் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினால், தொடப்பட்டவர்கள் வெளியே. நடுவில் பிடிபட்டு மூச்சு விட்டால், பாடினவர் வெளியே. எந்தப் பக்கத்தில் ஆளே மிஞ்சவில்லையோ, அந்தப் பக்கம் தோல்வி. ஆடுங்கள்!”

முதலில் மான் புறப்பட்டது.

“சடுகுடு சடுகுடு சடுகுடு!” ஒரே தாவலில் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து குதித்தது. தன் ஜோடி ஆமை எங்கே என்று தேடியது.

அவ்வளவுதான். மயில் தோகையை விரித்து அதன் கண்ணை மறைத்தது. அணில் ஒரு காலில் ஏறி வயிற்றில் கிச்சுக்கிச்சு மூட்டியது. அலங்கு இன்னொரு காலைச் சுற்றிப் பூட்டுப் போட்ட மாதிரி சுருண்டுகொண்டது. கீரி வாலைப் பிடித்தது. முயல் காதைப் பிடித்தது. ஓணான் கழுத்தைப் பற்றித் தொங்கியது. ஆமை குளம்புக்குக் குறுக்கே போய்ப் படுத்தது. “விடு! விடு!” என்று வடகரை கத்தியது. ஓணான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. பிடியை மட்டும் விடவில்லை!

மான் மணலில் விழுந்தது. கிச்சுக்கிச்சில் மூச்சு விட்டுச் சிரித்தே விட்டது.

“மான் வெளியே!” என்றது நாரை.

“செல்லாது!” என்று மரங்கொத்தி அலறியது. “மானுக்கு ஜோடி ஆமை மட்டும்தான்! மற்ற ஆறு பேருக்கு அங்கே என்ன வேலை?”

“என் சட்டத்தில் ஜோடி கிடையாது. நீ மரத்தில் உட்கார்!” என்றது நாரை.

அடுத்து ஆமை புறப்பட்டது.

“ச… டு… கு… டு…”

வடகரை ஆறு பேரும் இடுப்பில் கை வைத்து வேடிக்கை பார்த்தார்கள். ஆமை தவழ்ந்து கோட்டைத் தாண்டியது. இடது மூலைக்குப் போனது. பன்றியின் காலைத் தொட்டது.

“ஏய் பன்றி, பிடிடா!” என்றது கரடி.

“நான் ஏன் பிடிக்கணும்? அது மானுடைய ஜோடி! என் ஜோடி அணில். அணில் வரட்டும், அப்போது பார்!”

“மான்தான் வெளியே உட்கார்ந்திருக்கிறதே!”

“அதற்கு நான் என்ன செய்வது? பிடித்தால் பொந்து மானுக்கு, கைவலி எனக்கா? நீ பிடியேன்!”

“நான் முயலுக்காகப் பலத்தைச் சேர்த்து வைத்திருக்கிறேன். வீணாக்க மாட்டேன்!”

“ச… டு… கு… டு…” ஆமை கரடியின் காலைத் தொட்டது. குரங்கைத் தொட்டது. முள்ளம்பன்றியை ஜாக்கிரதையாகத் தொட்டது. உடும்பைத் தொட்டது. நரியைத் தொட்டது. யாரும் ஓடக்கூட இல்லை. தங்கள் ஜோடி இல்லாத ஆளைப் பார்த்து ஓடினால் மரியாதை என்ன ஆவது?

ஆமை திரும்பியது.

“அதற்குள் மூச்சு நின்றுவிடும், பாருங்கள்!” என்றது உடும்பு.

மூச்சா? முழுப் பகலும் தண்ணீருக்கடியில் மூச்சடக்கிக் கிடக்கிற பிராணி அது! மரங்கொத்தி ஆமையின் காலைத்தான் அளந்தது. மூச்சை அளக்கவில்லை.

“ச… டு… கு… டு…”

பாதி மணல் தாண்டியதும்தான் நரிக்கு உறைத்தது. “ஐயோ! இது கோட்டைத் தொட்டால் ஆறு பேரும் வெளியே!” என்று கத்தியது. உடனே ஆமையைப் பிடித்ததா? இல்லை. ஓரத்தில் உட்கார்ந்திருந்த மானிடம் ஓடியது.

“மானே! உன் ஜோடியை நான் பிடித்துத் தருகிறேன். பொந்தில் பாதி தருவாயா?”

“பாதியா? ஒரு துளிகூடத் தர மாட்டேன்! நான் வெளியே இருந்தாலும் என் ஜோடி என் ஜோடிதான்!”

“கால் பொந்து?”

“போடா!”

“பேரம் பேசாதீர்கள்! கோட்டுக்கு ஒரு முழம்தான் இருக்கிறது!” என்று குரங்கு தலையில் அடித்துக்கொண்டது. அடித்துக்கொண்டதே தவிர, அதுவும் பிடிக்கவில்லை.

தென்கரை ஓரத்தில் முயல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது. அதன் கண்ணுக்குள் குட்டிகள் மட்டும்தான் தெரிந்தன.

கடைசியில் கரடிக்கும் பன்றிக்கும் ஒரே நேரத்தில் பயம் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் ஆமையின் மேல் பாய்ந்தன. டமார்! மண்டையும் மண்டையும் மோதின. அந்தச் சத்தத்தில் இலவமரத்தின் காய்கள் எல்லாம் வெடித்துப் பஞ்சு பறந்தது! கரடி ஆமையின் ஓட்டின் மேலேயே விழுந்தது. ஆமை நகர முடியாமல் மணலில் அழுந்தியது.

காலைத்தான் நகர்த்த முடியவில்லை. கழுத்துக்கு என்ன?

“ச… டு… கு…” ஆமை கழுத்தை நீட்டியது. இன்னும் நீட்டியது. அத்தனை நீளக் கழுத்து தன்னிடம் இருப்பது அதற்கே அன்றுதான் தெரிந்தது! மூக்கு நுனி கோட்டைத் தொட்டது.

“டு!”

நாரை இரண்டாவது காலையும் கீழே வைத்துவிட்டது. “வடகரை ஆறு பேரும் வெளியே! தென்கரை ஜெயித்தது!”

முயல் ஓடி வந்து ஆமையின் ஓட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதது.

மறுநாள் விடியற்காலையில் தென்கரை மடுவில் இறங்கியது. முயல்குட்டிகள் குனிந்தபோது, தண்ணீருக்குள் தங்கள் முகத்தை முதல்முறையாகப் பார்த்து, யாரோ புதுக்குட்டிகள் என்று நினைத்து வணக்கம் சொன்னன. ஆமை நேராக அடிக்குப் போய், தான் பிறந்த தரையில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டது.

வெயில் ஏறிய பிறகு வடகரையின் முறை வந்தது. தென்கரையின் அத்தனை குட்டிகளும் இறங்கி விளையாடியதில், மடு பழையபடி குழம்பாகியிருந்தது.

பன்றி ஒரு வாய் குழம்பைக் குடித்துவிட்டுச் சொன்னது: “ஒன்று மட்டும் சொல்கிறேன். அணில் என்னைத் தொடவே இல்லை! நான் தோற்கவில்லை!”

“முயல் என் பக்கத்தில்கூட வரவில்லை! நானும் தோற்கவில்லை!” என்றது கரடி, பல்லில் ஒட்டிய களிமண்ணைத் துப்பிக்கொண்டே.

நரியும் தோற்கவில்லை. குரங்கும் தோற்கவில்லை. உடும்பும் முள்ளம்பன்றியும் தோற்கவே இல்லை. எல்லோரும் மானைப் பார்த்தார்கள்.

“என்னை ஏன் பார்க்கிறீர்கள்? என்னை ஏழு பேர் பிடித்தார்கள். அதில் ஆமைக்கு ஏழில் ஒரு பங்குதான்! கணக்குப் பார்த்தால் நானும் தோற்கவில்லை!” என்று சொல்லிவிட்டு மானும் குழம்பில் வாயை வைத்தது.

எதிரே வருகிற ஆபத்தை ‘இது அடுத்தவன் பாடு’ என்று பார்த்துக்கொண்டிருக்கிற கூட்டத்தில், ஒவ்வொருவரும் தனித்தனியே ஜெயித்தாலும் எல்லோரும் சேர்ந்து தோற்பார்கள்.