தெருக்குத்து வீட்டுக்குப் பூ

கொள்ளிடக்கரையில் ஒரு சிறிய ஊர். அங்கே ஒரு கீற்றுக் குடிலில் தையல்நாயகி என்றொரு தாயார் இருந்தார். அவரைத் தேடி வரும் சீடர்களில் மூத்தவர் ஏகாம்பரம். மூத்தவர் என்றால் ஞானத்தில் அல்ல, வயதில். குருவுக்கு அப்பா வயது அவருக்கு. அவர் "தாயே" என்பார். தாயார் "ஐயா" என்பார். இருவருக்கும் அது பழகிவிட்டது.

ஒருநாள் ஏகாம்பரம் முகம் செத்துப்போய் வந்தார்.

"தாயே, வெள்ளிக்கிழமை என் பொண்ணு சுடர்க்கொடிக்கு வளைகாப்பு. மாப்பிள்ளை வீட்டார் வர்றாங்க. ஆனா எங்க தெருவுல ஒரு பொம்பளையும் என் வாசப்படி மிதிக்க மாட்டேங்குறாங்க. வளையல் போட ஆள் வேணாமா?"

"ஏன் வர மாட்டேங்குறாங்க?"

"தெருக்குத்து வீடாம். ராசி கெட்டதாம்."

தெரு நேராக ஓடிவந்து அவர் வீட்டு வாசலில்தான் முட்டி நிற்கும். அப்படிப்பட்ட வீடு ஆகாது என்று ஒரு பேச்சு. முன்பு அங்கே இருந்தவருக்கு வேலை போயிற்று. அதற்கு முன்பு இருந்தவர் பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு பிரிந்தார். அந்தத் தெருவில் எந்த வீட்டில்தான் இதெல்லாம் நடக்கவில்லை? பழி மட்டும் கடைசி வீட்டின் தலையில் விடிந்தது. வாடகை குறைவு என்று ஏகாம்பரம் குடிவந்தார். யாரும் தன் வீட்டுக்கு வரவில்லை என்ற ரோஷத்தில் அவரும் யார் வீட்டுக்கும் போகவில்லை.

"அந்த வீட்டை எப்படித் தாயே மங்கலமாக்குறது? கையில காசும் அவ்வளவா இல்ல."

"பூ வையுங்க, ஐயா."

என்ன பூ, எங்கே, எப்படி என்று ஏகாம்பரம் ஒன்றும் கேட்கவில்லை. பதிலில் முதல் வார்த்தை காதில் விழுந்ததும் எழுந்து ஓடுவது அவர் சுபாவம்.

பூக்கடை அடைக்கிற நேரம் பார்த்துப் போனார். மிஞ்சிக் கிடந்த ரோஜா மாலை, சம்பங்கி மாலை, செவ்வந்தி மாலை எல்லாவற்றையும் அடிமாட்டு விலைக்கு அள்ளிவந்தார். விடியுமுன் எழுந்து வாசல் நிலையில் மாலைகளைத் தொங்கவிட்டார். உதிர்ந்த ரோஜா இதழ்களை வாசலிலிருந்து தெரு நெடுக இறைத்தார். வருகிறவர்களுக்கு வெயில் படக்கூடாதே என்று வாசலில் ஒரு சாமியானா போட்டார். அதன் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்று பார்த்துத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

காபி குடித்து முடிப்பதற்குள் தெருவே வந்துவிட்டது!

ஏகாம்பரத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் வந்தவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. முதல் வீட்டு நாகலிங்கம் கையில் ஒரு மாலையோடு வந்தார். ஏகாம்பரத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எப்போ?"

"வெள்ளிக்கிழமைங்க."

"வெள்ளிக்கிழமை வரைக்குமா வச்சிருக்கப் போறீங்க? ஐஸ் பெட்டிக்குச் சொல்லிட்டீங்களா?"

ஏகாம்பரம் திரும்பித் தன் வாசலைப் பார்த்தார். மாலை, சாமியானா, நாற்காலி, தெரு நெடுக ரோஜா இதழ். பிணம் ஒன்றுதான் குறை. அவர் முகத்தில் ஈயாடவில்லை. யாரும் சாகவில்லை, மகளுக்கு வளைகாப்பு என்று தட்டுத் தடுமாறிச் சொன்னார்.

சாமியானாவுக்கு வெளியிலேயே நின்றிருந்தாள் நாகலிங்கத்தின் மனைவி பட்டம்மாள். அந்தத் தெருவுக்கே வாய் அவள்தான்.

"ஆள் சாகாமலே இழவுப் பூ வந்து எறங்கியிருக்கு. நான் அப்பவே சொன்னேனா இல்லையா?"

கூட்டம் கலைந்துவிட்டது. உள்ளே சுடர்க்கொடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"வளைகாப்பே வேணாம்ப்பா. அவர் வீட்டு ஆளுங்க முன்னால வெறுங்கையோட உட்கார என்னால முடியாது."

பெற்ற மனசு வெந்துபோனது. ஏகாம்பரம் சட்டைகூட மாற்றாமல் குடிலுக்குப் போனார்.

"பூ வைக்கச் சொன்னீங்க, வச்சேன். துக்கம் விசாரிக்க வந்துட்டாங்க!"

தாயார் சிரித்தார். நன்றாகவே சிரித்தார். குருமார்களும் மனிதர்கள்தானே. பிறகு ஒரு மூங்கில் கூடையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"வாங்க ஐயா, போவோம்."

முதல் வேலையாக மாலைகள் இறங்கின, சாமியானா பிரிந்தது. அடுத்து வீட்டுக்குள் போவார் என்று ஏகாம்பரம் நினைத்தார். தாயார் நேரே பட்டம்மாள் வீட்டு வாசலுக்குப் போய் நின்றார். ஏகாம்பரத்துக்குக் கால் கூசியது.

"தாயே, என்னைச் சந்தி சிரிக்க வச்ச வீடு இது."

"கூடையைக் கொஞ்சம் முன்னால நீட்டுங்க."

வேறு வழியில்லை. நீட்டினார்.

"என்ன வேணுமாம்?" என்றாள் பட்டம்மாள்.

ஏகாம்பரத்துக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பூவும் பழைய புடவையும் கேட்கும்படி தாயார் அவர் காதோரம் முணுமுணுத்தார்.

"எம் பொண்ணு வளைகாப்புக்கு..." என்று இழுத்தார் ஏகாம்பரம். "உங்க வீட்டு டிசம்பர் பூ கொஞ்சம். கட்டாத பழைய புடவை ஏதாவது இருந்தா, அலங்காரத்துக்கு."

பூக் கேட்டு வந்தவரிடம் இல்லையென்று சொல்ல அந்த ஊரில் யாருக்கும் வாய் வராது. பட்டம்மாள் முணுமுணுத்துக்கொண்டே பூவைப் பறித்துப் போட்டாள். பெட்டியைக் கிளறி மாங்காய்க் கரை போட்ட கிளிப்பச்சைப் புடவை ஒன்றையும் கொடுத்தாள்.

"என் கல்யாணத்துக்கு எடுத்தது. பத்திரம்."

அடுத்த வீட்டில் செம்பருத்தி. அதற்கடுத்த வீட்டில் வேலியில் படர்ந்த சங்குப்பூ. ஒருவர் கொல்லையில் பூசணிப்பூதான் இருந்தது, அதையும் வாங்கிக்கொண்டார்கள். கேட்டுக் கேட்டு ஏகாம்பரத்துக்கு நாக்கு இளகிவிட்டது. நாலாவது வாசலில் அவரே நலம் விசாரித்தார். ஒரு கிழவருக்கு முட்டிவலி என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். ஒருவர் மிச்சமான நீலப் பெயிண்ட் கொடுத்தார், இன்னொரு வீட்டில் காலி சர்பத் பாட்டில்கள் கிடைத்தன.

ஜன்னல் கம்பிகள் நீலமாயின. பாட்டில்களுக்கு மஞ்சளும் சிவப்புமாய் நூல் சுற்றி, தண்ணீர் ஊற்றிப் பூ வைத்தார்கள். பழைய புடவைகள் திரையாயின. பட்டம்மாளின் புடவையைத் தாயார் தன் கையாலேயே கட்டினார். வாசலுக்கு நேரே, சுடர்க்கொடி உட்காரப்போகும் மணைக்குப் பின்னால்.

"தாயே, உள்பக்கம் வெளியே தெரியுது. கரையும் தலைகீழா இருக்கு."

"இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை காலை. சுடர்க்கொடி மணையில் உட்கார்ந்தாள். அவள் அம்மா சந்தனம் குழைத்து வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டில் வளையல்கள் அப்படியே இருந்தன.

தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள் பட்டம்மாள். தெருக்குத்து வீடாயிற்றே, தெருவில் எங்கே நின்றாலும் அந்த வாசல் நேராகத் தெரியும். அவள் கண் அங்கே போனது. போன கண் திரும்பவில்லை.

"அடப் பாவிகளா! யாரு என் புடவையைத் தலைகீழாக் கட்டினது?"

குடம் நிரம்பி வழிந்தது. பட்டம்மாள் தெருவைக் கடந்தாள், படியேறினாள், நிலையைத் தாண்டினாள், புடவையை அவிழ்த்து உதறி மாங்காய்க் கரை நேராக வரும்படி இழுத்துக் கட்டினாள். கட்டி முடித்த பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. கிளிப்பச்சைக்கு முன்னால் சுடர்க்கொடி அவளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பட்டம்மாள் ஒரு நொடி நின்றாள். பிறகு தட்டிலிருந்து வளையலை எடுத்தாள்.

"கையை நீட்டுடி, தங்கம்."

தலைவியே போய்விட்டாள், மற்றவர்கள் நிற்பார்களா? "என் செம்பருத்தியை எங்க வச்சீங்க?" என்று ஒருத்தி வந்தாள். "சங்குப்பூ எங்க வீட்டுதாக்கும்" என்று இன்னொருத்தி நுழைந்தாள். பூசணிப்பூ கொடுத்தவளுக்கு அது தாம்பாளத்தின் நடுவில் இருந்ததில் தாங்க முடியாத பெருமை. வீடு கொள்ளவில்லை. சுடர்க்கொடியின் கைகளில் முழங்கை வரை வளையல் ஏறிவிட்டது. அவள் சிரித்த சிரிப்பில் ஏகாம்பரம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குள் மாப்பிள்ளை வீட்டாரும் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் மாப்பிள்ளையின் அத்தை மட்டும் வாசலில் தயங்கி நின்றாள்.

"தெரு வந்து முட்டுற வீடு போல இருக்கே..."

பட்டம்மாள் உள்ளிருந்தே ஒரு பிடி பிடித்தாள். "நம்ம தெரு நம்ம வீட்டுக்குத்தானே வருது! அதுல உங்களுக்கு என்ன? உள்ள வாங்க."

அத்தை உள்ளே வந்தாள்.

எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, ஏகாம்பரம் தாயாரின் பக்கத்தில் வந்தார்.

"தாயே, ஒண்ணே ஒண்ணு. மங்கலம் எப்போ இந்த வீட்டுக்குள்ள வந்துச்சு? புடவை கட்டினப்பவா, பட்டம்மா படியேறினப்பவா?"

"நீங்க கூடையைத் தூக்கிக்கிட்டு வெளியே போனீங்களே ஐயா, அப்போ."