யாரோடு இருக்கிறாய்?

முந்திரிக்கொட்டைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் யாரும் கெட்டவர் இல்லை, சிக்கலே அதுதான். முழுக்கக் கேட்டுவிட்டு வாயைத் திறங்கள்.

அதிராம்பட்டினத்தில் ஜுலைகா என்றொரு பெண். நிக்காஹ் முடிந்து மருதாணிச் சிவப்பு போவதற்குள் மாப்பிள்ளை இதயத்துல்லா லண்டனுக்குப் பறந்துவிட்டான். அங்கே ஓர் ஓட்டலில் வேலை. பின்னாலேயே அவளும் போக வேண்டியதுதான். ஆனால் ஆங்கிலத்தில் பேசிக் காட்டினால்தான் விசா என்று ஒரு பரீட்சை குறுக்கே வந்து நின்றது. ஒரு பெருநாள் போய் அடுத்த பெருநாளும் வந்துவிட்டது. "ரெண்டு பேருக்கும் ரூம் பாத்துட்டேன், சாவியும் ரெண்டு வாங்கிட்டேன்" என்று அவன் போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் சட்டை ஒன்றைத் துவைக்காமலே பெட்டியில் வைத்திருந்தாள். வாசம் போய்விட்டது, ஏக்கம்தான் போகவில்லை.

வீட்டில் அவளும் மாமியார் செய்தூன் பீவியும் மட்டும்தான். மாமா மௌத்தாகி மண்ணுக்குள் போய்ப் பல காலம் ஆயிற்று. இதயத்துல்லா ஒரே பிள்ளை. மாமியும் மருமகளும் ஒரே தட்டில் சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிடுவார்கள்.

அடுத்த தெருவில் ரோஸ்லின் டீச்சரிடம் ஜுலைகா ஆங்கிலம் படித்தாள். ஒருநாள் 'வித்' பாடம். "நமக்கு 'ஓடு' வேற, 'ஆல்' வேற. வெள்ளைக்காரன் எல்லாத்தையும் ஒரே வார்த்தையில முடிச்சிடுவான். புருஷனோட இருந்தாலும் வித், கத்தியால வெட்டினாலும் வித், ஆசையோட சமைச்சாலும் வித்" என்றார் டீச்சர். மனப்பாடம் அவருக்கு ஆகாது. வீட்டில் வேலையைச் செய்துகொண்டே அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், அதுதான் அவர் முறை.

ஜுலைகா மீனை நறுக்கிக்கொண்டே கத்திக்கு ஒரு வித் போட்டாள். மாமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கேட்டுக் கேட்டு அவளுக்கும் அது பழகிவிட்டது. பரீட்சை அதிகாரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "ஹூ டு யூ லிவ் வித்?" என்று தினமும் கேட்பாள். "ஐ லிவ் வித் மை மாமி" என்பாள் மருமகள். பதில் சரிதான். ஆனாலும் அந்த இடத்தில் வேறு ஆளைச் சொல்ல அவள் நாக்கு தவித்தது. மாமிக்கும் அது தெரியும்.

பரீட்சை நெருங்கியதும் மாமியே பேச்சை எடுத்தாள். "என்னப் பத்திக் கவலப்படாத புள்ள. முத்துப்பேட்டையில தங்கச்சி மஹ்மூதா வா வான்னு கூப்பிடுறா. நீ போனதும் நான் அவ வூட்டுக்குப் போயிடுவேன்."

ஜுலைகா நிம்மதியானாள். ஆனால் ஒரு கல்யாண வீட்டில் அந்தத் தங்கச்சியையே பார்க்க நேர்ந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவர் விழித்தார். "எங்க வூட்டுக்கா? எனக்கே அங்க மூலையிலதானேம்மா படுக்கை."

ஆக, மாமி சொன்னது பச்சைப் பொய். ஜுலைகா அதை யாரிடமும் சொல்லவில்லை.

சென்னையில் பரீட்சை. துணைக்கு டீச்சர் போயிருந்தார். உள்ளே இருந்தவர் முதலில் கேட்டதே, யாரோடு இருக்கிறாய் என்றுதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய பதில். ஜுலைகா வாயைத் திறக்கவில்லை. அடுத்த கேள்விகளுக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்து, "வேணும்னுதான் பேசல. ஏன்னு கேக்காதீங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க டீச்சர்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். டீச்சரும் தலையாட்டினார்.

அவள் தேறவில்லை என்று தெரிந்ததும் இதயத்துல்லாவுக்கு ஆத்திரம். டீச்சரைப் போனில் பிடித்து, "என்னதான் சொல்லிக் குடுத்தீங்க?" என்று எகிறினான். டீச்சருக்குச் சுருக்கென்றது. "அவளுக்கு எல்லாப் பதிலும் தெரியும் தம்பி. சொல்லக் கூடாதுன்னே உக்காந்திருந்தா" என்று போட்டு உடைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் ஜுலைகாவின் போன் அடித்தது. அவன் குரல் உள்ளே போயிருந்தது. "என்னோட இருக்க உனக்குப் பிடிக்கலையா ஜுலைகா? பிடிக்கலன்னா சொல்லிடு."

எதிரே மாமி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். காரணத்தைச் சொன்னால் மாமியின் பொய் மாமியின் முன்னாலேயே உடையும். சொல்லாவிட்டால் புருஷன் கைவிட்டுப் போவான்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். மருமகளை அனுப்பிவைக்கப் பொய் சொன்ன மாமியா, மாமிக்காக வாயை மூடிக்கொண்ட மருமகளா, தலையாட்டிவிட்டு உண்மையைச் சொன்ன டீச்சரா? இதில் யார் செய்தது சரி?

விடை: டீச்சர் சொன்னது உண்மைதான். ஆனால் அடுத்தவர் ரகசியத்தைத் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளச் செலவழித்தார். ஜுலைகா விட்டுக்கொடுத்த வாழ்க்கையில் பாதி புருஷனுடையது, அவனை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? மாமி விட்டுக்கொடுத்தது முழுக்கத் தன்னுடையதை மட்டும். ஆகவே மாமி செய்ததே சரி. மகன் கேட்டது காதில் விழுந்து, ஜுலைகாவின் கண்ணீரையும் பார்த்ததும் தன் பொய் உடைந்தது மாமிக்குப் புரிந்துவிட்டது. அவளே போனை வாங்கினாள், மகனிடம் எல்லாவற்றையும் சொன்னாள், மருமகளை மறுபடி பரீட்சைக்கு அனுப்பினாள். ஜுலைகா தேறி, புருஷனிடம் போய்ச் சேர்ந்தாள். சரியாகச் செய்தவளுக்கு மிஞ்சியது பேச ஆளில்லாத வீடு. அது சரியா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.