சாக்பீஸ் கோடு

"என் தம்பி இந்த மிஷினைக் கெடுத்து வெச்சுட்டுப் போயிட்டானுங்க மேடம். எங்க கை வெச்சான்னு நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லோணும்."

வந்தவரைப் பையைக் கீழே வைக்கக்கூட விடாமல் நாச்சிமுத்து ஆரம்பித்துவிட்டார்.

வந்தவர் பெயர் பிலோமினா. கோவையில் கம்ப்யூட்டரில் ஓடும் பழைய சி.என்.சி. லேத் எது மக்கர் பண்ணினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நாச்சிமுத்துவைவிடப் பதினைந்து வயது இளையவர். பேச்சில் மகா கஞ்சம். பெரிய பட்டறை முதலாளிகளே அவர் முன்னால் கைகட்டி நிற்பார்கள்.

"என்ன பண்ணுது?"

"காலையில ஆன் பண்ணி ஹோமுக்குப் போகச் சொன்னா, ஒரே போக்காப் போயி முட்டிக்குதுங்க. எல்லை தாண்டிருச்சு, ஓவர் டிராவல்னு அலாரம். அப்பறம் மணிக்கணக்கா மல்லுக்கட்டினாத்தான் நகரும். ஆயுத பூசை முடிஞ்சதுல இருந்து இதே ரோதனை."

ஹோம் என்பது அந்த லேத்தின் வீடு. டூல்களைச் சுமந்துகொண்டு ஓடும் டரட் தினமும் முதலில் அங்கே போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால்தான் மற்ற அளவெல்லாம் மிஷினுக்குப் புரியும்.

"தம்பி?"

"சென்னியப்பனுங்க. பதினோரு வருசமா அவந்தான் ஓட்டினான். காலையில அவன் தொட்டா அலாரம். கேட்டா, நான் ஒண்ணும் பண்ணலீங்கண்ணாங்கறான். ஒரு நாள் பொறுக்கமாட்டாம..."

நாச்சிமுத்து தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார்.

நாலு பேர் பார்க்க அறைந்திருந்தார். நாற்பத்தாறு வயதுத் தம்பியை.  சென்னியப்பன் தன்னிடமிருந்த பட்டறைச் சாவியை மிஷின் மேல் வைத்துவிட்டுப் போனவர்தான். எட்டு நாளாயிற்று. சாவி வைத்த இடத்திலேயே இருந்தது.

"நாளைக்கு ஓசூருக்கு வேலைக்குப் போறானாமா. போகட்டும். ஆனா சும்மா போகல மேடம். இப்ப நானே ஓட்டறேன், அப்பவும் அலாரம் வருது. உள்ளார என்னமோ வேலை காட்டீட்டுத்தான் போயிருக்கான்."

பிலோமினா மின்பெட்டியைத் திறக்கவில்லை. மீட்டரை எடுக்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சாயங்காலம் எப்படி நிறுத்துவீங்க? செஞ்சு காட்டுங்க."

"கோளாறு காலையிலதானுங்க."

"சாயங்காலத்தைக் காட்டுங்க."

நாச்சிமுத்து காட்டினார். தம்பி வேலையில் இருந்தபோதும், அவர் சாயங்காலம் வீட்டுக்குப் போன பிறகு நாச்சிமுத்துவே தினமும் செய்த வேலை அது. இதில் யாரையும் நம்பமாட்டார். இரும்புச் சுருள்களைத் தள்ளினார். டரட் ஓடும் பாதையின் மூடியைப் பழந்துணியால் அழுந்தத் துடைத்தார். கைச்சக்கரத்தைச் சுற்றி டரட்டை மூலையோடு மூலையாக ஒதுக்கினார். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மிஷினை அணைத்தார்.

"கை லேத்துல பழகுன பழக்கமுங்க. வேலை முடிஞ்சா எல்லாத்தையும் ஓரம் கட்டோணும். பூசையன்னிக்கு இதையும் அப்படி நிறுத்தினேன், லட்சணமா இருந்துச்சு. அதுல இருந்து விடறதில்லை. வீட்டுலயே விட்டுட்டா காலையில தேட வேண்டாம் பாருங்க."

"ஆன் பண்ணி ஹோமுக்கு அனுப்புங்க."

டரட் விருட்டென்று போய் முட்டியது. அலாரம்.

பிலோமினா எழுந்தார். அலாரத்தை விடுவிக்கும் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, டரட்டை ஒரு சாண் பின்னுக்குக் கொண்டுவந்தார்.

"இப்ப அனுப்புங்க."

டரட் ஓடியது. ஓரிடத்தில் 'டிக்' என்று சின்னச் சத்தம். உடனே வேகம் தணிந்தது. மெல்ல நகர்ந்து நின்றது. பச்சை விளக்கு எரிந்தது.

நாச்சிமுத்து விளக்கையே பார்த்தார்.

"வீட்டோரமா விட்டா வீடு தெரியல. வெளிய கூட்டியாந்தாத் தெரியுதுங்களா?"

"அணைச்சா இதுக்கு எல்லாம் மறந்துரும். 'டிக்'னு கேட்டுச்சே, அது வீட்டைக் காட்டற சுவிட்சு. எழுந்ததும் அந்தச் சுவிட்சைத் தேடிட்டு முன்னாடி மட்டும்தான் போகும். நீங்க சுவிட்சைத் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்திட்டீங்க."

"அப்ப சுவிட்சு?"

"நல்லாருக்கு."

"ஒயரு?"

"நல்லாருக்கு."

 அடுத்த கேள்வியைப் பிலோமினா கேட்டார்.

"தம்பி எங்க நிறுத்துவாரு?"

"நடுவுல விட்டுட்டுப் போயிருவானுங்க. சோம்பேறின்னு திட்டிக்கிட்டே நான் ஓரம் கட்டுவேன்."

பிலோமினா பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்தார். சுவிட்சுக்கு நாலு விரல் முன்னால், மூடியின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டார்.

"இதைத் தாண்டாம நிறுத்துங்க. அவ்வளவுதான்."

நாச்சிமுத்துவின் முகம் செத்துப்போயிற்று.

"இதே இடத்துலதானுங்க..."

"என்ன?"

"தெனமும் இங்க ஒரு வெள்ளைக் கோடு கெடக்கும். எவனோ கிறுக்கறான்னு நான் தொடைச்சிருவேன். மறுநாளும் கெடக்கும். மறுக்காத் தொடைப்பேன்."

"இப்பவும் கெடக்குதா?"

"எட்டு நாளா இல்லீங்க."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். துடைத்த துணி இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"வாயைத் திறந்து சொல்லலையா அவரு?"

"சொன்னானுங்க. மூலையில தள்ளாதீங்கண்ணான்னு ஒருக்காச் சொன்னான். எனக்கே லேத்து ஓட்டச் சொல்லிக் குடுக்கறயான்னு கேட்டேன். அப்பறம் வாயே தொறக்கல."

 கையிலிருந்த துணியைச் சாவிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"தாண்டிப் போயி முட்டியாச்சுன்னா, என்னங்க மேடம் பண்றது?"

பிலோமினா பையைத் தோளில் மாட்டினார்.

"முட்டின பக்கமே தள்ளாதீங்க. போன வழியில திரும்பி வாங்க."

சாக்பீஸை அவர் கையில் வைத்துவிட்டுப் போனார்.

சென்னியப்பன் வீட்டில் பெட்டி கட்டி வைத்திருந்தது. வாசலில் அண்ணனைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றார்.

 நாச்சிமுத்து வலது கையை நீட்டினார்.

மறுபடி அறை விழப்போகிறது என்பதுபோல் சென்னியப்பன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. மெல்ல விரல்கள் விரிந்தன. உள்ளங்கையில் சாக்பீஸ்.

"கோட்டை நீயே வந்து போடு சாமி. இனி நான் தொடைக்கமாட்டேன்."