நெடுமொட்டைக்கு ஒரே ஒரு பெர்மிட்

"எனக்கு வந்திருக்கு, உனக்கு வரலை. அப்ப நானும் போகலை" என்றார் பிரமநாயகி.

தொலைபேசி அலுவலகத்தில் முப்பது வருஷம் உட்கார்ந்தே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது ஐம்பத்தொன்பது. மலையேற்றத்தில் அவர் தன் குரு என்று சொல்லிக்கொண்ட ஜெபக்கனிக்கு முப்பத்தொன்று. அடிவாரத்து ஊர்களுக்கு நடந்தே தபால் கொடுப்பவள். நெடுமொட்டை மலை உச்சிக்கு ஒன்பது தடவை போய்வந்தவள்.

ஏறி இறங்க மூன்று நாள். ஒரு நாளைக்கு எழுபது பேரைத்தான் காட்டுக்குள் விடுவார்கள். வருஷத்தில் ஒரே ஒரு காலை பதிவு திறக்கும். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். நாலு வருஷம் கைநழுவி, இந்த வருஷம்தான் பிரமநாயகியின் பெயர் விழுந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து பதிந்த ஜெபக்கனிக்கு விழவில்லை.

"என்னைக்கும்மா புறப்படணும்?" என்றாள் ஜெபக்கனி.

"தை இருபது. நான்தான் போகலைன்னு சொல்றேனே."

"இன்னும் ஆறு வாரம் இருக்கு. நாளையிலேருந்து நீங்க முன்னால நடங்க."

அதுவரை பயிற்சி நடையில் ஜெபக்கனிதான் முன்னால் போவாள். அவள் கால் வைத்த இடத்தில் கால் வைத்தே பிரமநாயகி பழகியிருந்தார்.

மறுநாள் பயிற்சிக்குப் போன கரட்டுக் குன்றில் பாதை இரண்டாகப் பிரிந்தது. எந்தப் பக்கம் என்று கேட்டார். பின்னாலிருந்து பதில் இல்லை. தோன்றிய பக்கம் போய், முள்ளில் மாட்டி, திரும்பி வந்தார்.

அடுத்த வாரம் சரளையில் வழுக்கி விழுந்தார். அவர் எழுந்திருக்கும்வரை ஜெபக்கனி நின்றாள். அவ்வளவுதான்.

"பிறகு எதுக்குத்தான் கூட வர்றே?"

ஜெபக்கனி குனிந்து செருப்பு வாரை இறுக்கிக்கொண்டாள்.

நாலாவது வாரம் பிரமநாயகி வழி கேட்பதை நிறுத்திவிட்டார், போகலை என்று சொல்வதையும்.

தை இருபதன்று முன்பின் தெரியாத பதினோரு பேரோடு அவரைச் சேர்த்து, ஒரு வழிகாட்டியுடன் அனுப்பினார்கள்.

இரண்டாம் நாள், உச்சிக்குச் சற்றுக் கீழே மொழுக்கென்று ஒரு பாறை. கயிறு தொங்கியது. காற்று ஆளைத் தள்ளியது. ஒருவருக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ள, வழிகாட்டி அவரோடு கீழேயே தங்க வேண்டியதாயிற்று. மேகம் மூடிவிட்டால் எல்லோரும் இறங்க வேண்டியதுதான் என்று வழிகாட்டி சொன்னார். முதலில் வேறு யாராவது ஏறட்டும் என்று ஆளாளுக்கு நின்றார்கள்.

பிரமநாயகி கயிற்றைப் பிடித்தார். ஈரமில்லாத இடத்தைக் கண்ணால் தேடினார். இருந்தது. காலை வைத்தார். நின்றது. அடுத்ததைத் தேடினார்.

பாதி ஏறியதும் கீழே குரல் கொடுத்தார்.

"இடப்பக்கமா வாங்க. அங்க வழுக்காது."

மூன்றாம் நாள் மாலை ஜெபக்கனி அடிவாரத்து கேட்டில் காத்திருந்தாள். பிரமநாயகியின் முகம் வெயிலில் கருத்திருந்தது. முழங்கை சிராய்த்திருந்தது. சிரிப்பு மட்டும் அடங்கவே இல்லை.

"உச்சியில என்னம்மா பார்த்தீங்க?"

மேகங்களும், மூன்று அணைகளும், தூரத்தில் கோடு போட்டதுபோலக் கடலும் தெரியத்தான் செய்தன.

"எனக்குப் பின்னால பத்துப் பேர் ஏறி வந்தாங்க. அதைப் பார்த்தேன்."

ஜெபக்கனி அவர் தோளிலிருந்த பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.